முட்டுமரத்துக்கு யார் கூலி?

நாவல் பட்டறை – 17

1884 பிப்ரவரிக் கடைசியில் எமில் ஸோலா வட பிரான்சின் ஆன்ஸேன் நிலக்கரிப் பகுதிக்குப் போனார். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. அந்த வட்டாரத்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆல்ஃப்ரெட் ஜியார், ஸோலாவுக்குப் பழக்கமான விலங்கியல் பேராசிரியர். அவருடைய செயலாளர் என்ற பெயரில் ஸோலா எங்கும் போய்வந்தார். தொழிலாளர் குடியிருப்பு, மதுக்கடை, கூட்டம் நடக்கும் இடம் என்று ஒரு வாரம் போலச் சுற்றினார். ரெனார் சுரங்கத்தில் 675 மீட்டர் ஆழம் இறங்கினார். ஏப்ரல் 2ஆம் தேதி எழுதத் தொடங்கி, அடுத்த ஜனவரியில் முடித்த நாவல்தான் ‘ஜெர்மினல்’.

ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒரு தொழிலைப் பற்றி அவ்வளவு பெரிய நாவல் எழுதலாமா என்ற கேள்வி வரும். எனக்கு வரும் கடிதங்களில் இருப்பதோ இதற்கு நேர்மாறான கவலை. ஒருவர் துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவரும் பைலட்டைப் பற்றி எழுத நினைக்கிறார். இன்னொருவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை செய்யும் மருத்துவர்தான் நாயகி. இருவரும் ஏராளமாகப் படித்திருக்கிறார்கள். படிக்கப் படிக்கத் தெரியாதது கூடுகிறதே தவிர, முதல் அத்தியாயம் வரவில்லை என்கிறார்கள்.

படிப்பைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஸோலாவும் படித்தவர்தான். நிலத்தடி வாழ்க்கை பற்றி லூயி சிமோனன் எழுதிய நூலையும், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரும் நோய்களை விவரிக்கும் மருத்துவ நூலையும் குறிப்பெடுத்துக்கொண்டு வாசித்தார். நாவலின் தொடக்கத்திலேயே கிழவன் போன்மோர் வருகிறான். வயது 58. எட்டு வயது நிறையும் முன்பே சுரங்கத்துக்குள் இறங்கியவன். இருமி இருமிக் கறுப்பாகத் துப்புகிறான். மருத்துவ நூலைப் படித்த கை அந்த இடத்தில் தெரிகிறது. ஆனால் நோயின் பெயரோ விளக்கமோ அங்கே இல்லை. தரையில் விழும் கறுப்பு எச்சில் மட்டும்தான்.

இதைவிடப் பெரிய பாடம் முட்டுமரத்தில் இருக்கிறது. நான் இந்த நாவலைத் திரும்பத் திரும்ப எடுப்பதற்குக் காரணமும் அதுவே.

கரி வெட்டுகிறவர்களுக்குத் தள்ளுவண்டிக் கணக்கில் கூலி. எத்தனை வண்டி நிரம்பியதோ அத்தனைக்குக் காசு. வெட்டிக்கொண்டே முன்னேறும்போது மேலே உள்ள பாறை இடிந்து விழாமல் மரம் வைத்து முட்டுக்கொடுத்துக்கொண்டே போகவும் வேண்டும். அந்த நேரத்தில் கரி வெட்ட முடியாது; வெட்டாத நேரத்துக்குக் கூலி கிடையாது. எனவே உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் முட்டுமரத்தை அரைகுறையாக வைத்துவிட்டுக் கரிக்குத் திரும்புகிறார்கள். பொறியாளர் நெக்ரெல் வந்து பார்த்துவிட்டு அபராதம் போடுகிறான். பிறகு கம்பெனி ஒரு திட்டம் கொண்டுவருகிறது: முட்டுக்கொடுக்கத் தனிக்கூலி தருவோம், அதற்கு ஈடாக வண்டிக் கூலியை 50 சாந்தீமிலிருந்து 40 சாந்தீமாகக் குறைப்போம். கேட்டால் நியாயம்போல இருக்கிறது. தொழிலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். முட்டுக்கூலி எட்டு சாந்தீமுக்கு மேல் ஈடுகட்டாது. வண்டிக்கு இரண்டு சாந்தீம் நஷ்டம்.

வேலைநிறுத்தம், குழந்தைகளின் பசி, படைவீரர்களின் துப்பாக்கிச் சூடு, சுரங்கத் தொழிலாளி மாயுவின் குடும்பத்துச் சாவுகள் எல்லாம் அந்த இரண்டு சாந்தீமிலிருந்து புறப்படுகின்றன. சுரங்கக் கூரையை எப்படித் தாங்குவது என்பது பொறியியல் புத்தகத்தில் ஒரு பத்திக்கான செய்தி. அதைச் செய்யும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்டவுடன் அது கதையாகிவிட்டது. துறை சார்ந்த எந்தத் தகவல் கையில் கிடைத்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இதனால் யாருடைய நாள் மாறுகிறது, யாருக்கு என்ன குறைகிறது? பதில் கிடைக்காத தகவலை, எவ்வளவு அருமையானதாக இருந்தாலும், குறிப்பேட்டிலேயே விட்டுவிடலாம்.

நம் மொழியில் இந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவர் ராஜம் கிருஷ்ணன். நீலகிரியின் படகர்களைப் பற்றிக் ‘குறிஞ்சித்தேன்’, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’, மீனவர்களைப் பற்றி ‘அலைவாய்க் கரையில்’, சிவகாசியில் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றிக் ‘கூட்டுக் குஞ்சுகள்’ என்று களத்துக்கே போய், அந்த மக்களோடு பழகி எழுதினார். இதற்காக அவரை வெறும் தகவல் சேகரிப்பாளர் என்று ஒதுக்கிய விமர்சனம் தமிழில் உண்டு. அது பெரிய அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உப்பளத்தையே எடுத்துக்கொள்வோம். உப்புநீரின் அடர்த்தி போமே மானியில் 25 பாகையை ஒட்டி வரும்போது உப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்குவதற்குள் மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். தவறினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். இதை வேதியியல் படித்த எவரும் சொல்லிவிடுவார்கள். பாத்தியில் நிற்கும் பெண்ணுக்கோ வெள்ளை வெயிலில் கண் கூசும், காலில் வெடித்த புண்ணில் அந்த நீர் எரியும். அவளுடைய ஆண்டைத் தீர்மானிப்பது இன்னொன்று. வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பு வாருவது நின்றுபோகும். வயலில் நிற்பவர் வானத்தைப் பார்த்துக் கும்பிடும் மாதங்களில் அளத்துப் பெண் கடன் கேட்டுப் போகிறாள். சூரிய வெப்பத்தில் நீர் ஆவியாகும் முறையில்தான் இங்கே உப்பு எடுக்கிறார்கள் என்ற ஒற்றை வரிச் செய்தி, ஐப்பசியில் ஒரு வீட்டு அடுப்பு எரியுமா என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

நிபுணர்களிடம் பேசும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் அரிதாக நடந்ததைத்தான் முதலில் சொல்வார்கள். எட்டு மணி நேரம் நீண்ட அறுவை, புயலில் உள்ளே கொண்டுவந்த கப்பல். தினமும் செய்வது அவர்கள் கண்ணிலேயே படாது. நாவலுக்கு வேண்டியது அந்தத் தினசரிதான். ‘இன்றைக்குக் காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்? அதற்கடுத்து?’ என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். யாரிடம் கையெழுத்து வாங்கினார், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார், எந்த மேலதிகாரி வந்தால் பேச்சு நின்றுபோகிறது என்பதெல்லாம் அப்போதுதான் வரும். முடிந்தால் அவருக்குக் கீழே வேலை செய்கிறவரிடமும் தனியாகப் பேசுங்கள். அறுவை அரங்கைப் பற்றி மருத்துவர் சொல்லாத பாதியை அங்கே கருவிகளைக் கழுவுகிறவர் சொல்வார்.

கேட்டறிந்ததை வாசகருக்குச் சொல்லவும் ஸோலாவிடம் ஒரு வழி இருக்கிறது. தன் நாயகன் எத்தியேனைச் சுரங்கம் தெரிந்தவனாக அவர் படைக்கவில்லை. ரயில்வே பட்டறையில் வேலை போன இயந்திரத் தொழிலாளி அவன். முதல் நாள் கூண்டில் இறங்கும்போது வாசகருக்கு என்ன தெரியுமோ அதுவே அவனுக்கும் தெரியும். விளக்கம் சொல்ல ஆசிரியர் தனியாகக் குறுக்கே வர வேண்டியதில்லை. மாயுவின் மகள் காத்தரின் அவனுக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கிறாள், அவனோடு நாமும் கற்றுக்கொள்கிறோம். புதிய துறையை முதன்முறை எழுதுகிறவருக்கு இது மிகவும் கைகொடுக்கும்.

அந்தக் காத்தரினைப் பற்றி இன்னொரு விஷயம். அவள் சுரங்கத்துக்குள் வண்டி தள்ளுகிறாள். பிரான்சில் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதை 1874ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது. ஸோலா நேரில் இறங்கிப் பார்த்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து. நாவலை அவர் 1860களில், மூன்றாம் நெப்போலியனின் ஆட்சிக் காலத்தில் நிறுத்தியதால்தான் காத்தரினுக்கு அங்கே இடம் கிடைத்தது. ஆகவே நிபுணரைத் தேடிப் போகும் முன் உங்கள் கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை முடிவு செய்யுங்கள். இன்றைய மருத்துவர் இன்றைய அறுவை அரங்கைத்தான் சொல்வார். உங்கள் நாயகி 1985இல் கத்தியை எடுக்கிறாள் என்றால், அந்த ஆண்டில் பணியில் இருந்து, பிறகு ஓய்வு பெற்ற ஒருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.