அடக்கி ஆள்வதா, அன்பால் ஆள்வதா?



நமது நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் மாலை வேளையில் நடந்து சென்றால், ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்னும் பலகையைப் பல வாயில்களில் காணலாம். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் இரவு பகலாக ஷிப்டு முறையில் வேலை நடைபெறும் ஊர் இது. இரவு ஷிப்டுக்குத் தந்தை சென்றுவிட்டால், மாவும் பலாவும் சூழ்ந்த குவாட்டர்ஸில் தாயும் பிள்ளைகளும் தனித்திருப்பர். ஆகவே, இங்கே நாய் வெறும் அலங்காரத்திற்காக வளர்க்கப்படுவதன்று. அது வீட்டின் காவல்.

அத்தகைய வீடு ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததை இங்கே எழுத முன்வந்துள்ளோம். அதில் நமது தவறும் கலந்திருப்பதால், மறைக்காமல் எழுதுகிறோம்.

நாம் சொன்ன ஆலோசனை

வீடு மந்திரிக்கச் சென்றிருந்தோம். முற்றத்தில் அல்சேஷன் கலப்பு நாயொன்று கட்டப்பட்டிருந்தது. டைகர் என்று பெயர். வயது ஒன்றுகூட நிரம்பவில்லை. குடும்பத் தலைவர் சுரங்கத் தொழிலாளி, பண்பானவர். நாய்க்குப் பயிற்சி அளிக்க வந்த ஒருவர் தமக்குக் கற்றுத் தந்ததை அவர் விவரித்தார்: “நாய் என்பது ஓநாயின் வழித்தோன்றல். கூட்டத்திற்கு யார் தலைவன் என்றுதான் அது எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும். எனவே அதற்கு முன் நீங்கள் உண்ண வேண்டும். வாயிலில் நீங்களே முதலில் செல்ல வேண்டும். உறுமினால், மல்லாக்கப் புரட்டிக் கழுத்தை அழுத்திப் பிடித்து, அது அடங்கிய பிறகே விட வேண்டும்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் கேட்டார்: “சாமி, இது சரிதானா? கழுத்தைப் பிடிக்கும்போது அது பார்க்கிற பார்வை மனத்தை என்னவோ செய்கிறது.”

நாம் சிறிதும் தயங்கவில்லை. விலங்குகளை ஆளும் அதிகாரத்தைக் கடவுள் மனிதனுக்கே கொடுத்திருக்கிறார் என்று தொடக்க நூலைச் சுட்டிக்காட்டினோம். “எசமான் யார் என்று அதற்குத் தெரியட்டும், தம்பி” என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டிற்குச் சென்றோம்.

ஏறக்குறைய ஓராண்டு கழிந்தது. ஒன்பது வயது மகன், நாயின் சோற்றுத் தட்டின் அருகே உருண்டுவிட்ட பந்தை எடுக்கக் குனிந்தான். டைகர் அவன் கையைக் கவ்வியது. உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை, எச்சரிக்கை எதுவும் இல்லை. நல்ல வேளையாகத் தாய் பதறி நின்றுவிடவில்லை. குழாய் நீரில் சோப்பிட்டுப் புண்ணைக் கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் தடுப்பூசி போடச் செய்தார். (வீட்டு நாயே கடித்தாலும், கீறல் சிறிதே ஆனாலும், இந்த இரண்டையும் ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. வெறிநோய் கண்டபின் அதற்கு மருந்தில்லை என்றே கொள்ள வேண்டும்.)

அன்று மாலை தந்தை நம்மைத் தேடி வந்தார். “நீங்கள் சொன்னபடிதானே செய்தேன், சாமி!” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே நம்மைச் சுட்டது. அதன் பிறகுதான், நாம் முன்னரே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். அந்தப் போதனை எங்கிருந்து வந்தது என்று படித்துப் பார்த்தோம்.

ஓநாய்க் கதை

வன்மையால் நாயைப் பழக்கும் முறை பழையது. 1910-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் என்னும் காவல்துறை அதிகாரி அத்தகைய பயிற்சி நூலொன்றை வெளியிட்டார். ‘ஓநாய்த் தலைவன்’ என்னும் கருத்துக்கு வித்திட்டவர் ரூடால்ஃப் ஷென்கெல் என்னும் ஆய்வாளர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக் காட்சிச்சாலையில் அவர் ஓநாய்களைக் கவனித்து, 1947-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவை ஓயாமல் தலைமைக்காகப் போரிடுவதாக அவர் கண்டார். ஆனால் அந்த ஓநாய்கள் வாழ்ந்த இடம் எத்தகையது? 10 மீட்டருக்கு 20 மீட்டர் அளவான அடைப்பில் பத்து ஓநாய்கள் வரை அடைக்கப்பட்டிருந்தன. சிறைக்கூடத்தைப் பார்த்துவிட்டுக் குடும்ப வாழ்வைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும்? அவ்வாறே ஆயிற்று.

அமெரிக்க அறிஞர் டேவிட் மெக் 1970-இல் வெளியிட்ட ஓநாய் நூல் இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. ஆனால் அவரே 1986 முதல் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில், கோடைதோறும் காட்டு ஓநாய்களின் அருகிருந்து கவனித்தார். அங்கே அவர் கண்டது போர்க்களத்தை அன்று, குடும்பத்தை. தாயும் தந்தையும் வழிநடத்தின, குட்டிகள் பின்தொடர்ந்தன, வளர்ந்தவை பிரிந்து சென்று தனிக் குடும்பம் அமைத்தன. இதை 1999-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட அவர், தம் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரைப் பல ஆண்டுகள் வேண்டிக்கொண்டார். 2022-இல்தான் அந்த வேண்டுகோள் நிறைவேறியது.

துறவிகளின் மனமாற்றம்

நம்மை இன்னும் ஆழமாகத் தொட்டது வேறொரு செய்தி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நியூ ஸ்கீட் என்னும் துறவு மடம் உள்ளது. பிசான்சிய வழிபாட்டு முறையைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவிகள் சிலர் 1966-இல் அதை நிறுவினர். பின்னர் 1979-இல் அவர்கள் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் இணைந்தனர். அல்சேஷன் நாய்களை வளர்ப்பதிலும் பழக்குவதிலும் புகழ்பெற்றவர்கள் அவர்கள். 1978-இல் அவர்கள் வெளியிட்ட பயிற்சி நூல் பல்லாயிரம் வீடுகளை எட்டியது. நாயை மல்லாக்கப் புரட்டி அடக்கும் முறையும் அந்நூலில் கூறப்பட்டிருந்தது.

ஆனால் 2002-இல் வெளியான திருத்திய பதிப்பில், அம்முறையைத் தாங்கள் இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அத்துறவிகள் வெளிப்படையாக எழுதினர். தங்கள் கையாலேயே பரப்பிய ஒன்றைத் தங்கள் கையாலேயே திருத்தினர். அன்புடையோரே, நமது பிழையை ஏற்க நமக்குத் துணிவு தந்தது இந்தச் செய்தியே.

இரு தரப்பு

எதிர்த் தரப்பினரின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். “கொஞ்சுவதால் மட்டும் வலிய நாயொன்று அடங்குமா? காவல்துறையிலும் படையிலும் தலைமுறை தலைமுறையாகக் கண்டிப்பால்தானே பழக்கினர்? சாலையில் வண்டியைத் துரத்தும் நாயை அதட்டி இழுத்து நிறுத்துவது அதன் உயிரைக் காப்பதாகாதா?” என்று அவர்கள் கேட்கின்றனர். நாய்க்கு ஒழுங்கு தேவை என்பதில் ஐயமில்லை. வரம்பில்லாத செல்லம் அன்பாகாது. நாய்களிடையே உணவுக்கும் இடத்திற்கும் முந்துவதும் பிந்துவதும் உண்டு என்பதையும் அறிஞர்கள் மறுப்பதில்லை. ஆனால் கதவருகே முந்தி ஓடும் நாய், குடும்பத் தலைமையைக் கைப்பற்றச் சதி செய்வதில்லை. வெளியே போகும் ஆவலில் ஓடுகிறது, அவ்வளவே.

வன்மையின் விளைவு என்ன? பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நடத்தைக் கோளாறுள்ள நாய்களைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தோரிடம் கேட்டறிந்து 2009-இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். அடிக்கப்பட்ட அல்லது உதைக்கப்பட்ட நாய்களில் 100-க்கு 43-உம், புரட்டி அழுத்தப்பட்டவற்றில் 100-க்கு 31-உம் சீறித் தாக்க முற்பட்டன. போர்ச்சுகல் நாட்டில் 92 நாய்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு, தண்டனையை மிகுதியாகக் கொண்டு பழக்கப்பட்ட நாய்களிடம் அச்சக் குறிகளும் மன அழுத்தச் சுரப்பும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது.

டைகர் ஏன் உறுமாமல் கடித்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? உறுமல் என்பது கலகமன்று. “எனக்கு அச்சமாயிருக்கிறது, விலகு” என்னும் வேண்டுகோள். உறுமியபோதெல்லாம் கழுத்தை அழுத்தினோம். நாய் உறுமுவதை விட்டது. அச்சம் மட்டும் உள்ளேயே இருந்தது. வாயிலில் அடிக்கும் மணியின் நாவை அறுத்துவிட்டுத் திருடன் வரமாட்டான் என்று உறங்கினோம்!

அதிகாரம் என்பது யாது?

1877-இல் புனித தொன் போஸ்கோ, பிள்ளைகளை வளர்ப்பதில் இரு முறைகள் உண்டு என்று எழுதினார். ஒன்று, தவறு செய்யட்டும் என்று காத்திருந்து தண்டித்து அடக்குவது. மற்றது, உடனிருந்து அறிவாலும் அன்பாலும் தவற்றை முன்னரே தடுப்பது. அவர் தெரிந்துகொண்டது இரண்டாம் வழியை. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்காகச் செலவிடலாகாது என்றும் அதே இடத்தில் அது எச்சரிக்கிறது. நமது நாட்டுச் சட்டமும் வாளாவிருக்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, விலங்கை அடித்து வதைப்பதும், மிகக் குறுகிய அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், எந்நேரமும் கட்டிக்கிடக்கும் நாயை நடக்கவிடாமல் வைத்திருப்பதும் குற்றங்களே.

நமது மண்ணில் இதற்கொரு பழஞ்சான்றும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. எருமை மந்தையைக் காத்து மாண்ட வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் அவனது நாயும் அக்கல்லில் பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளது. கழுத்தை நெரித்து வாங்கிய பணிவு இறந்தவனின் அருகே காவல் நிற்குமா?

அந்த வீட்டில்...

நாயை எங்காவது தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடத் தந்தை எண்ணியிருந்தார். அந்த ஆபத்தை வேறொரு தெருவின் பிள்ளைகளிடம் தள்ளிவிடுவது தீர்வாகாதே! அவரது வீட்டிற்குச் சென்று, பிள்ளைகளின் முன்னிலையில், “அன்று நாம் சொன்னது தவறு” என்று ஒப்புக்கொண்டோம். கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவரது ஆலோசனையின்படி குடும்பத்தார் செயல்பட்டனர். சங்கிலி நீண்டது, காலையும் மாலையும் நடை, சோறு ஒதுக்குப்புறத்தில், அது உண்ணும்போது ஒருவரும் அருகே செல்வதில்லை. அழைத்தவுடன் வந்தால் அவித்த முட்டையில் ஒரு துண்டு. வராவிட்டால் அடியில்லை, துண்டும் இல்லை. வீட்டார் அனைவரும் ஒரே சொல்லால் ஆணையிட்டனர். பிள்ளைகளை மட்டும் அதனோடு தனியே விடுவதில்லை; இன்றும் அப்படித்தான்.

சில மாதங்கள் சென்றபின் ஒருநாள், திருப்பலி முடிந்து அந்தத் தாய் மகிழ்ச்சியோடு வந்தார். “சாமி, நேற்று டைகர் உறுமியது! தம்பி தட்டுப் பக்கம் போனான், உறுமியது, அவன் உடனே பின்வாங்கிவிட்டான்” என்றார். உறுமலுக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன குடும்பத்தை அன்றுதான் கண்டோம்.

பெற்றோரே, நீங்கள் நாயை நடத்தும் விதத்தை உங்கள் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். வலியவன் எளியவனை எப்படி நடத்த வேண்டும் என்னும் பாடத்தை அவன் அங்கேதான் முதலில் கற்கிறான். நம் கையிலுள்ள அதிகாரம் சிறிதோ பெரிதோ, அதை அச்சுறுத்தும் கையாக அன்றி, வழிநடத்தும் கையாகப் பயன்படுத்துவோமாக. தவறியிருந்தால், அத்துறவிகளைப் போல, திருத்திக்கொள்ள வெட்கப்படாதிருப்போமாக.