புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது விளையாட்டு எதற்கு?

தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும் நேரம்தான் குழந்தைக்குப் பெரும் வேதனை. அதற்காகவே அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஸ்னோ வேர்ல்டு’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கினார்கள். கண்ணில் மாட்டும் கருவிக்குள் ஒரு பனிப் பள்ளத்தாக்கு. பென்குவின்கள் மீது பனி உருண்டை வீசலாம். வெளியே செவிலியர் புண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

வலி எப்படிக் குறைகிறது? புண்ணிலிருந்து செய்தி வந்தால் மட்டும் போதாது, மூளை அதைக் கவனிக்கவும் வேண்டும். கவனத்துக்கோ அளவு உண்டு. கண்ணும் காதும் கையும் பனியில் மூழ்கிவிட்டால் வலிக்கு மிஞ்சுவது கொஞ்சமே. மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோதும், வலி சார்ந்த பகுதிகளின் செயல்பாடு குறைந்திருந்தது. இது மருந்துக்கு மாற்றல்ல, துணை.

பயமும் வலியைக் கூட்டும். பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடிய பிள்ளைக்கு, தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும்; பயம் குறையும். பிள்ளை சிரித்தால், கட்டிலோரம் நிற்கும் அம்மாவின் இறுகிய தோளும் தளரும்.

அதே சியாட்டிலில் 2003-இல் தொடங்கிய ‘சைல்ட்ஸ் பிளே’ அறக்கட்டளை, நன்கொடை திரட்டி மருத்துவமனைகளுக்கு விளையாட்டுப் பொருட்கள் தருகிறது. நீங்களும் கொடுக்க நினைத்தால், முதலில் வார்டில் கேளுங்கள். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடியதாக வாங்குங்கள்; பஞ்சுப் பொம்மையில் கிருமி தங்கும்.