ஆபரேஷன் முடியாது என்ற பிறகு

“ஆபரேஷன் பண்ண முடியாது” என்று டாக்டர் சொன்னதுமே கூட வந்தவர்கள் முகம் இருண்டுவிடுகிறது. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் ஒன்றல்ல. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள இந்தக் குழாய் மூச்சுக்குழாயையும் மகாதமனியையும் உரசிக்கொண்டு இறங்குகிறது. கட்டி அவற்றில் ஒட்டிவிட்டால் கத்தி வைக்க முடியாது. இதயமும் நுரையீரலும் பலவீனமாக இருந்தாலும் அதே பதில்தான். நோய் அங்கேயே நிற்கிறதா, கல்லீரல் வரை பரவிவிட்டதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பரவவில்லை என்றால், குணமாக்கும் நோக்கத்தோடே கீமோவையும் கதிர்வீச்சையும் (நம் ஊர்ப் பேச்சில் ‘கரண்ட்’) சேர்த்துக் கொடுக்கிறார்கள். இதற்கு வழிகாட்டியது ஓர் அமெரிக்க ஆய்வு. அதில் 64 கிரே கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 5 ஆண்டுகளுக்குப் பின் ஒருவரும் உயிரோடு இல்லை. 50 கிரேயுடன் சிஸ்பிளாட்டின், 5-எஃப்யூ மருந்துகளையும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேர் இருந்தார்கள்.

சிஸ்பிளாட்டின் தற்செயலாகக் கிடைத்த மருந்து. பாக்டீரியாவில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்த விஞ்ஞானி பார்னெட் ரோசன்பெர்க், அவை பிளவுபடாமல் நூலாக நீள்வதை 1965-இல் எழுதினார். செல் பிளவைத் தடுத்தது மின்சாரம் அல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம்!

சிஸ்பிளாட்டினில் உள்ள இந்தப் பிளாட்டினம் சும்மா விடாது. சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும். அதனால்தான் மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏறுகிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருந்தால் வேறு கூட்டணி தேட வேண்டும். ஆக்சாலிபிளாட்டின் சிறுநீரகத்திடம் சாது; ஆனால் ஏற்றிய சில நாள்களுக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த எவர்சில்வர் டம்ளரைத் தொட்டாலே விரல் நுனியில் ஊசி குத்தும். கதிர்வீச்சோடு சேர்த்து இதையும் சிஸ்பிளாட்டினையும் ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வில் (2014) நோய் முற்றாமல் நின்ற காலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாவது வழி, கார்போபிளாட்டின்–பாக்லிடாக்செல் ஜோடி. வாரம் ஒரு முறை ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம். அறுவைக்கு முந்தைய சிகிச்சையாக நெதர்லாந்து ஆய்வில் (2012) பெயர் வாங்கிய இது, இப்போது அறுவை இயலாதவர்களுக்கும் பயன்படுகிறது. விரல்கள் மரத்துப்போகலாம் என்பதுதான் இதன் வம்பு. சர்க்கரையால் ஏற்கெனவே கால் எரிபவருக்கு இது சின்ன விஷயமல்ல.

பரவிவிட்டவருக்குக் கணக்கே வேறு. அங்கே கீமோவின் வேலை ஆயுளை நீட்டுவதும், கஞ்சியாவது தடையின்றி இறங்கச் செய்வதும்தான். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற எதிர்ப்பாற்றல் மருந்துகளும் இப்போது சிலருக்குக் கீமோவோடு சேர்கின்றன. விலைதான் மலைக்க வைக்கிறது.

‘எது ஸ்ட்ராங்கான மருந்து?’ என்று கேட்பதில் பயனில்லை. முதல் டிரிப் ஏறும் முன் உங்கள் தொழிலை டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசியில் நூல் கோக்கும் தையல்காரருக்கு விரல் முக்கியம், நாதஸ்வரத்துக்குச் சுருதி சேர்ப்பவருக்குக் காது முக்கியம். டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.