ஈஜோக் யாருடைய தொகுதி?

2007 ஏப்ரல் மாதத்தை ஈஜோக் வட்டாரத்தில் இருந்தவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். குண்டும் குழியுமாகக் கிடந்த சாலைகளுக்கு அவசரம் அவசரமாகத் தார் போடப்பட்டது. இருண்டு கிடந்த கம்பத்துப் பாதைகளில் விளக்குகள் எரிந்தன. கோலாலம்பூரில் மட்டுமே காணக்கூடிய அமைச்சர்கள் தோட்டத்து லயங்களின் வாசலில் வந்து நின்றார்கள். காரணம் ஒன்றுதான், இடைத்தேர்தல்.

ஈஜோக் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ம.இ.கா.வின் டத்தோ கே. சிவலிங்கம் அம்மாதத் தொடக்கத்தில் காலமானார். தொகுதி காலியானால் 60 நாள்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். ஏப்ரல் 19ஆம் தேதி வேட்புமனுத் தாக்கல், 28ஆம் தேதி வாக்களிப்பு என்று நாள் குறிக்கப்பட்டது.

வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 12,272 பேர். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மலாய்க்காரர்கள். சீனர்கள் ஐந்தில் ஒரு பங்கு. இந்தியர்கள் சுமார் 28 விழுக்காடு. நம்மவர்கள் பெரும்பான்மையாக இல்லாத இத்தொகுதியைத்தான் பலரும் ‘நம்ம தொகுதி’ என்று சொல்லி வந்தார்கள். அது எப்படி நம்முடையதானது, பிறகு எப்படி இல்லாமல் போனது என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஈஜோக்கிலிருந்து அதிகத் தூரம் இல்லை தென்னமரம் தோட்டம். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே 1917இல் அங்கே செம்பனையை நட்டார். இந்நாட்டில் வாணிப நோக்கோடு செம்பனை பயிரிடப்பட்டது அதுவே முதல் தடவை. இன்று உலகச் சந்தையில் பேசப்படும் மலேசியச் செம்பனையின் தொடக்கப் புள்ளிக்கே ‘தென்னைமரம்’ என்ற தமிழ்ச் சொல்தான் பெயர். அதைச் சுற்றி புக்கிட் ஈஜோக், துவான் மீ என்று தோட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கோயிலும் ஒரு தமிழ்ப்பள்ளியும் இருந்தன. காட்டை அழித்தவர்களும் பால் மரம் சீவியவர்களும் பின்னாளில் செம்பனைக் குலை வெட்டியவர்களும் பெரும்பாலும் தமிழர்களே.

ஆனால் உழைத்த கைக்கும் வாக்குச்சீட்டுக்கும் நடுவே குடியுரிமை என்ற வேலி இருந்தது. 1955இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் அதிகமானோர் மலாய்க்காரர்கள். தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் பட்டியலிலேயே இல்லை. 1957இல் கதவு திறந்தது. என்றாலும் விண்ணப்பிக்கத் தெரியாதவர்களும் பத்திரங்கள் இல்லாதவர்களும் வெளியிலேயே நின்றார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தபோது, ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறி இந்தியா திரும்பினர். சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. நமது வாக்குப்பலம் குறைவு என்று இன்று பேசுகிறவர்கள் அந்தக் கப்பல்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மலேசியாவில் இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. பிறகு ம.இ.கா. எப்படி வென்று வந்தது? தேசிய முன்னணிக்குள் நடந்த தொகுதிப் பங்கீடுதான் விடை. இந்தியர்கள் கணிசமாக உள்ள சில தொகுதிகள் ம.இ.கா.வுக்கு ஒதுக்கப்படும். அங்கே அம்னோ ஆதரவாளர்களும் ம.சீ.ச. ஆதரவாளர்களும் தராசுச் சின்னத்துக்கே வாக்களிப்பார்கள். பதிலுக்கு மற்ற தொகுதிகளில் இந்திய வாக்குகள் அம்னோவுக்கும் ம.சீ.ச.வுக்கும் போகும். ஈஜோக் அப்படி ஒதுக்கப்பட்ட ஒன்று. தமிழர் ஒருவர் சட்டமன்றம் போனார் என்றால், அதில் தோட்டத்து வாக்குக்குப் பங்கு உண்டு. ஆனால் தொகுதியைக் கொடுத்தது கூட்டணி மேசை. கொடுத்த கை எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதை அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

2007 இடைத்தேர்தலில் தேசிய முன்னணி ம.இ.கா.வின் கே. பார்த்திபனை நிறுத்தியது. எதிரே கெஅடிலான் கட்சியின் டான்ஸ்ரீ காலிட் இப்ராஹிம். ஜெரமில் பிறந்த அவர் இந்த வட்டாரத்து மண்ணின் மைந்தர். தோட்டத் தமிழர்களுக்கும் அவருக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை லண்டன் பங்குச் சந்தையில், கத்ரி நிறுவனத்தின் பங்குகளை மலேசியாவின் பி.என்.பி. நிறுவனம் சில மணி நேரத்தில் வாங்கி முடித்தது. வெள்ளைக்காரத் தோட்ட நிறுவனம் மலேசியர் கைக்கு வந்த அந்த நடவடிக்கையை வகுத்தவர்களில் முதன்மையானவர் காலிட். பின்னர் அவரே கத்ரிக்குத் தலைமை நிர்வாகியும் ஆனார். முதலாளி மாறியும் லயத்து வாழ்க்கை எவ்வளவு மாறியது என்ற கேள்வியைத் தோட்டத்து மக்கள் அவரிடம் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்விதான்.

அவருக்காக அன்வார் இப்ராஹிம் ஊர் ஊராகப் பேசினார். 2008 ஏப்ரல் வரை அன்வார் தேர்தலில் நிற்கத் தடை இருந்ததால், தம் செல்வாக்கைச் சோதித்துப் பார்க்க அவருக்கும் ஒரு களம் தேவைப்பட்டது. தேசிய முன்னணியின் பிரச்சாரத்துக்கு அப்போதைய துணைப்பிரதமர் நஜிப் தலைமை தாங்கினார். ஒரு மலாய்ப் பிரமுகருக்கு எதிராக ஒரு தமிழர் நிற்கிறார், அந்தத் தமிழருக்கு வாக்குக் கேட்டு அம்னோ வீடு வீடாகப் போகிறது. இன அரசியல் பேசப்படும் நாட்டில் இது கொஞ்சம் விசித்திரமான காட்சிதான்.

முடிவு: பார்த்திபன் 5,884, காலிட் 4,034. பெரும்பான்மை 1,850. 2004இல் சிவலிங்கம் பெற்ற 1,649ஐவிட 201 வாக்குகள் கூடுதல். தோட்டத்து இந்திய வாக்குகள் பெரும்பாலும் தராசுக்கே விழுந்தன என்பது அன்றைய பரவலான கணிப்பு. ம.இ.கா.வினர் மாலை போட்டுக் கொண்டாடினர். பக்கத்திலுள்ள பத்தாங் பெர்ஜுந்தை பட்டணத்துக்கு அதே ஆண்டில்தான் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றமும் நடந்தது. பழைய பெயரை இன்னும் விடாமல் சொல்கிற பெரியவர்கள் அங்கே நிறைய பேர்.

அந்தக் கொண்டாட்டம் ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 2007 நவம்பர் 25ஆம் தேதி ஹிண்ட்ராஃப் பேரணிக்காகக் கோலாலம்பூர் வீதிகளில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் திரண்டனர். அடுத்த மாதமே அதன் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதாயினர். 2008 மார்ச் 8ஆம் தேதி பொதுத்தேர்தல் வந்தபோது, பத்து மாதங்களுக்கு முன் தோற்றுப்போன அதே காலிட் அதே ஈஜோக்கில் வென்றார். சிலாங்கூரில் 56 தொகுதிகளில் 36 எதிர்க்கட்சிகளுக்குப் போயின. ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர் மாநிலத்தின் மந்திரி பெசார் ஆனார். சாலைக்குத் தார் கேட்டுக் காத்திருந்த தொகுதிக்கு, மாநிலத்தின் தலைமைப் பதவியே வந்து சேர்ந்தது.

காலிட் ஆட்சியில் வீடுகளுக்கு மாதம் 20 கன மீட்டர் தண்ணீர் இலவசமானது. சிலாங்கூர் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரிங்கிட் மானியம் தரப்பட்டது. இவை எதிர்க்கட்சிப் பக்கம் போன இந்திய வாக்குக்குக் கிடைத்த கண்ணுக்குத் தெரிந்த பலன்கள். ஆனால் ஈஜோக்கில் தமிழ்ப் பிரதிநிதி என்ற நிலை அன்றோடு முடிந்தது. சுற்றுவட்டாரம் அதை உடனே உணரவில்லை. காரணம், அதே 2008இல் அண்டைத் தொகுதியான புக்கிட் மெலாவத்தியில் கெஅடிலானின் எம். முத்தையா வென்றார். காப்பார் நாடாளுமன்றத் தொகுதியில் எஸ். மாணிக்கவாசகம் வென்றார். ஒரு பக்கம் போனது, மறுபக்கம் வந்ததுபோல் தெரிந்தது.

2013இல் காலிட் போர்ட் கிள்ளானுக்கு மாறினார். அடுத்த ஆண்டு கட்சிக்குள் எழுந்த மோதலில் மந்திரி பெசார் பதவியை இழந்தார். 2022 ஜூலையில் காலமானார். ஈஜோக்கில் 2013லும் 2018லும் கெஅடிலானின் டாக்டர் இட்ரிஸ் அஹ்மாட் வென்றார். புக்கிட் மெலாவத்தி 2013இல் அம்னோவுக்குப் போனது. காப்பாரில் 2018க்குப் பின் தமிழ் உறுப்பினர் இல்லை. 2023 ஆகஸ்ட் 12 மாநிலத் தேர்தலில் பக்காத்தானும் தேசிய முன்னணியும் ஒரே அணி. தொகுதிப் பங்கீட்டில் இடம் இல்லாத நிலையில் ம.இ.கா. அந்தத் தேர்தலில் போட்டியிடவே இல்லை. ஈஜோக்கை பெரிக்காத்தான் நேஷனலின் ஜெஃப்ரி மெஜான் கைப்பற்றினார். கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும் புக்கிட் மெலாவத்தி, ஜெரம் ஆகியவையும் அதே அணிக்கே போயின.

இதில் கட்சிகளை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. ஆள்கணக்கே மாறிவிட்டது. தோட்டங்கள் விற்கப்பட்டன, துண்டாடப்பட்டன. பிள்ளைகள் சுங்கை பூலோவுக்கும் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் குடிபெயர்ந்தனர். செம்பனைக் காடாக இருந்த இடங்களில் புஞ்சாக் ஆலாம் போன்ற புதுநகரங்கள் எழுந்தன. பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

தொகுதி அளவும் ஒரே சீராக இல்லை. 2013இல் காப்பாரில் 144,000க்கும் மேற்பட்ட வாக்காளர்கள். புத்ராஜெயாவில் 16,000கூட இல்லை. இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர்தான். தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த தமிழரின் வாக்கு, வந்த இடத்தில் பெருங்கூட்டத்தில் ஒன்றாகக் கரைந்தது.

ஆனாலும் சிறு எண்ணிக்கைக்கு மதிப்பில்லை என்று நினைத்தால் தவறு. 2022 நாடாளுமன்றத் தேர்தலில் கோலசிலாங்கூரில் டாக்டர் சுல்கிஃப்ளி அஹ்மாட் வெறும் 1,002 வாக்குகளில்தான் தெங்கு சஃப்ருலை வென்றார். இரண்டு மூன்று தோட்டத்து வாக்குகள் சேர்ந்தால் அந்த எண் வந்துவிடும்.

2021 டிசம்பர் முதல் 18 வயது நிறைந்தவர்கள் தாமாகவே வாக்காளர்களாகிவிடுகின்றனர். எந்தத் தொகுதி என்பதை அடையாள அட்டையில் உள்ள முகவரி முடிவு செய்கிறது. இடிந்துபோன லயத்தின் முகவரியை அட்டையில் வைத்திருக்கும் இளைஞர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே பழைய தொகுதியின் பட்டியலில் இருப்பார்கள். ஏற்கெனவே பதிவில் உள்ளவர்கள் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றினால் மட்டும் போதாது. வாக்களிக்கும் இடத்தை மாற்றத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தம் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை ஆணையத்தின் இணையச் சேவையில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து யாரும் பார்த்துக்கொள்ளலாம். அதற்குத் தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால், அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் மாற்றம் செய்ய நேரம் இருக்காது.