வித்வானுக்கு மூச்சு தளர்ந்ததா?

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நின்றிருக்கிறீர்களா? அத்தனை இரைச்சலையும் மீறி நாதஸ்வரம் காதில் விழும். பக்கத்து ஊரான இராஜபாளையத்தில், வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய நாதஸ்வர இசைத்தட்டைப் பற்றி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சார், தொடக்கத்தில் கணீரென்று இருக்கிறது. முடிவில் கரகரக்கிறது. வித்வானுக்கு மூச்சு தளர்ந்துவிட்டதா?”

இல்லை. காரணம் தட்டின் வடிவத்திலேயே இருக்கிறது.

12 அங்குல வினைல் இசைத்தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல்கிறது. அதாவது, ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. விளிம்பருகே ஒரு சுற்றின் நீளம் சுமார் 92 செ.மீ. எனவே வரிப்பள்ளம் வினாடிக்கு 51 செ.மீ. வேகத்தில் ஊசியைக் கடக்கிறது. நடுப்பகுதியருகே ஒரு சுற்று 38 செ.மீ. மட்டுமே, வேகமும் 21 செ.மீ. ஆகிவிடுகிறது. பதிவு செய்தபோதும் தட்டு இவ்வாறே சுழன்றதால் சுருதி மாறுவதில்லை. ஆனால் ஒலியலைகள் குறுகிய இடத்தில் நெருக்கப்படுகின்றன.

வினாடிக்கு 8,000 அதிர்வுகள் கொண்ட ஒலியை எடுத்துக்கொள்வோம். அதன் ஓர் அலை விளிம்பில் 0.064 மி.மீ. நீளம், உட்புறத்தில் 0.026 மி.மீ.தான். சாதாரண ஊசி முனையின் ஆரமோ சுமார் 0.018 மி.மீ. பெரிய வண்டிச் சக்கரம் சிறு குழிகளில் முழுவதும் இறங்காததுபோல, ஊசியும் இந்த நெருங்கிய வளைவுகளைச் சரியாகத் தொடர முடிவதில்லை.

‘நாதஸ்வரத்தில் அவ்வளவு உயர்ந்த ஒலி ஏது?’ என்று நீங்கள் கேட்கலாம். சீவாளி அதிரும்போது, கூம்பு வடிவக் குழலில் அடிப்படைச் சுரத்துடன் அதன் 2, 3, 4 மடங்கு என மேற்சுரங்களும் வலுவாக எழுகின்றன. மேலை நாட்டு ஓபோவிலும் இப்படித்தான். அந்தக் கணீர் ஒலியைத் தருபவை மேற்சுரங்களே. தட்டில் முதலில் சிதைபவையும் அவையே.

ஆகவே ஊசியில் கவனம் தேவை. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டின் வரிப்பள்ளம் அகலமானது. அதற்குத் தடித்த முனை வேண்டும். பழைய கிராமபோனின் எஃகு ஊசியை வினைல் தட்டில் வைத்தால் மேற்சுரங்களைச் சுரண்டி எடுத்துவிடும். அவ்வாறு போனதை எந்தக் கருவியாலும் மீட்க இயலாது. தூசியைத் துடைத்து, வெயில் படாமல், தட்டுகளை நிமிர்த்தி அடுக்கி வையுங்கள்.

டி. என். ராஜரத்தினம் பிள்ளை 1956-லும், காருகுறிச்சி அருணாசலம் 1964-லும் மறைந்தனர். அவர்களுடைய வாசிப்பை நாம் இன்றும் கேட்பது ஒலிப்பதிவுகளால்தான். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தட்டு இருக்கலாம். அதைச் சுழலவிடும் முன் ஊசியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.