ஒரே நீளம், இரண்டு குரல்

யமஹாவின் பழைய சி3 கிராண்ட் பியானோவையும் 2012இல் வந்த சி3எக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் நீளம் 186 சென்டிமீட்டர். அதே கறுப்புப் பளபளப்பு, அதே 88 கட்டைகள். கட்டையில் விரல் பட்டதும்தான் இது வேறு, அது வேறு என்று காது சொல்லும்.

சி3இன் குரல் கணீரென்றது. டிரம்ஸும் கிதாரும் முழங்கும்போதுகூட அமுங்கிப் போகாமல் மேலே எழும். பாப், ஜாஸ் வாசிப்பவர்கள் அதை விரும்பியது இதனால்தான். ஆனால் ஷோப்பேனின் நாக்டர்ன் ஒன்றை மெல்ல வாசித்தால், சுரம் அடுத்த சுரத்தைத் தொடுவதற்குள் இளைத்துவிடுவதாக எனக்குத் தோன்றும்.

இந்தக் குரலில் மாற்றம் மேடைப் பியானோவிலிருந்து இறங்கி வந்தது. 2010இல் யமஹா சிஎஃப்எக்ஸ் என்ற கச்சேரிப் பியானோவை வெளியிட்டது. அதே ஆண்டு வார்சாவில் நடந்த ஷோப்பேன் போட்டியில் யூலியானா அவ்தேயேவா அதில் வாசித்து முதல் பரிசு வென்றார். அந்தப் பெரிய பியானோவுக்காகக் கற்ற ஒலிப்பலகை வேலைப்பாடு இரண்டே ஆண்டில் சி3எக்ஸுக்கும் வந்தது. ஸ்ப்ரூஸ் மரத்தாலான ஒலிப்பலகை தட்டையானதல்ல; நடுவில் லேசாக மேடிட்டிருக்கும். கம்பிகள் மேலிருந்து அழுத்த, அந்த வளைவு எதிர்த்து நிற்பதில்தான் நாதத்தின் உயிர் இருக்கிறது. அடியில் தாங்கும் மரக்கட்டைகளைத் தடிமனாக்கினார்கள். கம்பியையும் அதைத் தட்டும் சுத்தியலையும் மாற்றினார்கள். குரல் கனிந்தது. மெல்லிய சுரமும் நின்று பேசுகிறது.

பழைய பியானோ வயலினைப் போல வயதாக ஆக இனிக்கும் என்று நம்பி வாங்குகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. எல்லாக் கம்பிகளின் இழுவிசையும் சேர்ந்தால் ஏறக்குறைய 20 டன். அதைத் தாங்கித் தாங்கி, காலப்போக்கில் பலகையின் மேடு தணியலாம், கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் முறுக்காணிகள் தளரலாம், சுத்தியலின் கம்பளி இறுகிக் கம்பித்தடம் விழும். சென்னைபோல் கடலோர ஊரென்றால் கம்பித்துருவும் சேரும். சுத்தியலை ஊசியால் குத்தி இளக்கலாம், மாற்றவும் செய்யலாம். பலகை போனால் அது பெரிய செலவு. ஆகவே விலை பேசுமுன் சுருதி சேர்ப்பவரை அழைத்துப் போங்கள். ஆணிகளின் பிடிப்பை அவர் கை சொல்லிவிடும்.

குழுவோடு வாசிக்கிறவருக்கு, நன்றாகப் பேணப்பட்ட சி3ஐயே நான் சொல்வேன். வீட்டில் தனியாக வாசிக்கிறவருக்குத் தயங்காமல் சி3எக்ஸ். எதற்கும், நடுவிலுள்ள ஒரு கட்டையை மெல்ல அழுத்திப் பிடித்து, அந்த நாதம் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து கேளுங்கள். பிறகு அடுத்த பியானோவிலும்.