கரை சேர்ந்த பின்னும் கடமை உண்டு

கட்டுமரம் கடலுக்குப் புறப்படும்போது கரையில் பலர் நின்று வழியனுப்புவர். மீனோடு திரும்பும்போதும் கூட்டம் கூடும். ஆனால் ஏலக்குரல் ஓய்ந்து, மீன்கூடைகள் சந்தைக்குப் போனபின் மணலில் நடைபெறும் வேலையைக் காண எவரும் நிற்பதில்லை. மறுநாள் வைகறையில் அலை கடந்து செல்லும் மனிதனின் உயிரோ, எவரும் கவனியாத அந்த வேலையையே பெரிதும் நம்பியிருக்கிறது.

கட்டுமரம் என்ற பெயரிலேயே அதன் அமைப்பு விளங்கும். ஆணியின்றி, தகடின்றி, செதுக்கிய மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்து அமைப்பது அது. ஆங்கில மாலுமி வில்லியம் டேம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் வழங்கிய இக்கலத்தைப் பெயரோடு குறிப்பிட்டார். இன்று உலகெங்கும் இரட்டை உடற்படகுகளுக்கு ‘காட்டமரான்’ என்னும் பெயர் வழங்குவது நம் கடற்கரை மக்களின் சொல்லிலிருந்தே.

கட்டியதை அவிழ்க்கவும் வேண்டும் என்பதே இக்கலத்தைப் பேணும் முதல் விதி. ஏன் அவிழ்க்க வேண்டும்? கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் இலேசானது. அதனாலேயே அது மிதக்கிறது. ஆனால் இலேசான மரம் நீரையும் எளிதில் உறிஞ்சும். ஊறிய தடி கனத்துப்போகும். கலம் நீரில் தாழ்ந்து, துடுப்புக்கும் பாய்க்கும் இணங்காமல் மந்தமாகும். தடிகளைப் பிரித்து மணலில் இடைவெளி விட்டுப் பரப்பினால், ஒட்டியிருந்த பக்கங்களிலும் காற்றுப் பட்டு ஈரம் வடியும். நீரிலேயே கிடக்கும் மரத்தைத் துளைத்தழிக்கும் கப்பற்புழுவும், நாள்தோறும் கரையேறி உலரும் மரத்தில் நிலைகொள்வது அரிது.

அவிழ்ப்பதில் மற்றொரு பயனும் உண்டு. கயிறு தேய்வது வெளியே தெரியும் இடத்தில் அன்று. இரு தடிகளுக்கிடையே மறைந்து நெரிபடும் இடத்திலேயே. கட்டை அவிழ்த்தாலன்றி அக்குறை கண்ணுக்குப் படாது. கரையில் கண்டுபிடித்தால் ஒரு முழக் கயிற்றோடு முடியும் செலவு, நடுக்கடலில் தெரியவந்தால் உயிருக்கே உலையாகும்.

தடிகளைக் கண்டபடி போட்டுவிடவும் கூடாது. ஒவ்வொரு தடியும் தன் இடத்துக்கென்றே செதுக்கப்பட்டது. இடத்துண்டு வலப்புறம் பொருந்தாது. ஆகவே கட்டும் வரிசையிலேயே அவற்றைக் கிடத்துவது நலம். பொழுது புலருமுன் இருளில் கட்டவேண்டியவனுக்கு, முந்திய நாள் வைத்த ஒழுங்கே விளக்காகிறது.

அடுத்து பாய். இதன் முதற்பகை புயலன்று, ஈரம். ஈரத்தோடு சுருட்டிய பருத்திப் பாயில் பூஞ்சணம் படர்ந்து கரும்புள்ளிகள் தோன்றும்; நூல் இற்றுப்போகும். இதைத் தடுக்கவே முன்னோர் மரப்பட்டையைக் காய்ச்சிய துவர்ச்சாயத்தில் பாயைத் தோய்த்தனர். ஆனால் சாயம் மட்டும் போதாது. உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. உப்புப் படிந்த பாய் பகலில் உலர்ந்ததாகத் தோன்றினாலும் இரவில் மீண்டும் நமுத்துவிடும். நன்னீர் கிடைக்குமாயின் அலசுவதே சிறந்தது. கிடைக்காவிடில் மணலை உதறி, விரித்து உலர்த்தவேண்டும். உலர்ந்தபின் வெயிலில் விட்டுவைப்பதும் தவறு. கடும் வெயில் நூலின் வலுவைக் குறைக்கும், செயற்கை இழையையும் அது விடாது. உலர்ந்த பாயைச் சீராகச் சுருட்டிக் கட்டி நிழலில் வைத்தல் வேண்டும். ஒரே மடிப்பில் பலமுறை மடித்தால் அம்மடிப்பிலேயே துணி கிழியும்.

பின்னர் சிறு பொருள்கள். துடுப்புகளை எண்ணி வைத்தல், கயிறுகளை முறுக்கின்றி வளையமாகச் சுற்றுதல், முடிச்சுகளைத் தளர்த்துதல் ஆகியவை சில நிமிட வேலைகளே. சிக்கல் விழுந்த கயிற்றைக் கரையில் பொறுமையாக அவிழ்க்கலாம்; காற்று திடீரெனத் திரும்பும் வேளையில் அதற்கு நேரம் இராது.

இறுதியாக இடம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றநீர் வழக்கத்தினும் மேலே வரும். அந்த நாட்களை அறிந்து, அலை எட்டாத மேட்டில் கலத்தை வைப்பது கடலோரக் குடும்பங்களின் பழைய அறிவு. தென்மேற்குப் பருவக்காற்றால் குமரிக்கரை கொந்தளிக்கும் மாதங்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை.

காலம் மாறிவிட்டது. பொறிகள் வந்தன, 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப்பின் கண்ணாடியிழைப் படகுகள் கரைகளை நிரப்பின, பாய் விரித்த கட்டுமரம் அரிதாகிவிட்டது. ஆயினும் கரையேறியபின் உள்ள கடமை மாறவில்லை. பொறியை நன்னீரால் அலசாவிடில் உப்பு அதன் உள்வழிகளை அரிக்கும். படகின் அடியில் தேங்கிய நீரை வடிக்காவிடில் அதன் எடை கூடும். அவிழ்க்க வேண்டிய கட்டு இல்லாத கலத்திலும் ஆராய வேண்டிய இடங்கள் உண்டு.

உழைத்துக் களைத்தவனுக்கு இவை கடினமே. நல்ல பாடு கிடைத்த நாளில் மகிழ்ச்சி அவனை வீட்டுக்கு இழுக்கும். வெறுங்கையோடு திரும்பிய நாளில் மனச்சோர்வு இழுக்கும். அந்த இரண்டாம் நாளே உண்மையான சோதனை. லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் கெனசரேத்து ஏரிக்கரை மீனவரைக் காண்கிறோம். இரவெல்லாம் பாடுபட்டு ஒன்றும் அகப்படாதவர்கள் அவர்கள். வெற்று வலைதானே என்று வீசிவிட்டுப் போகாமல், கரையிறங்கி அதனைக் கழுவிக்கொண்டிருந்தனர். ஆண்டவர் அவர்களை அந்த வேலையிலேதான் கண்டார். ஆழத்திற்குப் போகச் சொன்ன அக்கணமே புறப்பட அவர்களுக்குக் கலமும் இருந்தது, கழுவிய வலையும் இருந்தது.